கடன் நிறுவனத்தின் கையில் நம் ஆவணங்கள்: கேள்வி பதில்

வங்கி சாரா நிதி நிறுவனங்களில் பல ஆண்டுகளாக உள்தணிக்கைப் பணி பார்த்து வருபவன் என்பதால், வாடிக்கையாளர் விவரங்களைப் பாதுகாப்பது பற்றி வந்த கேள்விகள் என்னிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒரே பொருளில் வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

நகைக் கடன் வாங்கச் சென்ற கிளையில் என் ஆதாரையும் பான் அட்டையையும் ஜெராக்ஸ் எடுத்ததோடு நில்லாமல், ஊழியர் தம் சொந்தக் கைபேசியிலும் படம் எடுத்துக்கொண்டார். ஸ்கேனர் பழுது என்று காரணம் சொன்னார். இது முறையா? (இல்லத்தரசி, ஈரோடு)

முறையன்று. அந்தப் படம் அவருடைய கேலரியில் தங்கும். அங்கிருந்து அவருடைய சொந்த மின்னஞ்சல் கணக்கின் சேமிப்பகத்திற்குத் தானாகவே நகலாகலாம். தலைமை அலுவலகத்திற்கு வாட்ஸ்அப்பில் அனுப்பப்பட்டால் அந்தக் குழுவில் உள்ள எல்லோருடைய கைபேசிக்கும் போய்ச் சேரும். நாளை அவர் வேலையை விட்டுப் போனாலும் அது அவருடனேயே போகும். நிறுவனத்தால் அதைத் திரும்பப் பெற முடியாது. ஒழுங்காக நடக்கும் நிறுவனங்களில் இதற்கென்று அலுவலகச் செயலி இருக்கும். அதில் எடுக்கும் படம் கேலரியில் சேமிக்கப்படாமல் நேராக நிறுவனத்தின் சர்வருக்குச் செல்லும். ஆகவே, அந்தப் படத்தை உங்கள் எதிரிலேயே, குப்பைத்தொட்டிக் கோப்புறையிலிருந்தும் சேர்த்து அழிக்கச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆதார் நகல் கொடுக்கும்போது, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கிக் கொடுங்கள். ஆதார் வழியாக மின்னணுச் சரிபார்ப்பு தேவைப்படாத இடங்களில், நகலில் உள்ள எண் மறைக்கப்பட்டிருப்பதை உறுதிசெய்வது கடன் நிறுவனத்தின் கடமை என்று ரிசர்வ் வங்கியின் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) நெறிகளே கூறுகின்றன. எந்த நகலாக இருந்தாலும், எந்த நிறுவனத்திற்கு, எந்தக் கடனுக்கு, எந்தத் தேதியில் கொடுத்தது என்பதை எழுதிக் கையொப்பமிடுங்கள். அந்த எழுத்து ஓரத்தில் இராமல், அட்டையின் படத்தின் மீதே குறுக்காக ஓடட்டும். ஓரத்தில் எழுதியதை ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்து மறுபடியும் ஜெராக்ஸ் எடுத்துவிடலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளைக்குத் தணிக்கைக்குச் சென்றிருந்தேன். மாலையில் எதிரே நின்ற தள்ளுவண்டியில் வறுகடலை வாங்கிப் பொட்டலத்தைப் பிரித்தால், உட்புறம் ஒருவருடைய கடன் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கம்: மாத வருமானம், மனைவியின் பெயர், கையொப்பம் எல்லாம் உப்புத்தூளோடு இருந்தன. கிளையில் பழைய காகிதங்களைக் கட்டுக்கட்டாக எடைக்குப் போட்டிருந்தார்கள். காகிதம் கிழிக்கும் இயந்திரம் இல்லாமலில்லை. அதன்மேல் சாமி படம் வைத்துப் பூச் சாற்றியிருந்தார்கள்.

கடன் செயலி ஒன்று தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் பார்க்க அனுமதி கேட்கிறது. அனுமதிக்காவிட்டால் கடன் கிடையாதாம். (தனியார் நிறுவன ஊழியர், கோவை)

அப்படிக் கேட்கும் செயலியை உடனே நீக்கிவிடுங்கள். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்டு, 2025 மே மாதத்தில் ஒருங்கிணைத்துப் புதுப்பித்த டிஜிட்டல் கடன் நெறிகளின்படி, கடன் செயலிகள் கைபேசியிலுள்ள கோப்புகள், படங்கள், தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவுகள் ஆகியவற்றைத் தொடவே கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் போன்று வாடிக்கையாளராகச் சேர்க்கத் தேவையானவற்றுக்கு மட்டும், அவருடைய வெளிப்படையான சம்மதத்துடன், ஒருமுறை அனுமதி பெறலாம். விவரங்களை இந்தியாவிலுள்ள சர்வர்களில்தான் வைக்க வேண்டும். கடன் தொகையும் இடையில் யார் கணக்கிற்கும் போகாமல் உங்கள் வங்கிக் கணக்கிற்கே நேராக வர வேண்டும். கூகுள் பிளேயும் 2023 மே 31 முதல் தனிநபர் கடன் செயலிகள் படங்களையும் தொடர்புகளையும் அணுகுவதைத் தடை செய்துள்ளது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு செயலி தொடர்புப் பட்டியலைக் கேட்டால், உங்கள் தகுதியைக் கணிப்பது அதன் நோக்கமாக இருக்காது. தவணை தவறினால் யார் யாரிடம் சொல்லி உங்கள் மானத்தை வாங்கலாம் என்பதே நோக்கமாக இருக்கும். ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நிறுவனங்கள் பயன்படுத்தும் செயலிகளின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. ஆனால் அது நிறுவனங்கள் தாமே அளித்த விவரங்களால் ஆனது. ஆகவே பட்டியலில் பெயர் இருப்பதை மட்டும் நம்பி மற்றச் சோதனைகளை விட்டுவிட வேண்டாம்.

நண்பர் வாங்கிய கடனுக்கு வசூல் முகவர் எனக்கு இரவு ஒன்பது மணிக்கு அழைத்து, அவர் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார் என்பதையும் சொன்னார். நான் எதிலும் கையெழுத்திடவில்லை. (ஆசிரியர், திருநெல்வேலி)

இங்கே இரண்டு தவறுகள் நடந்திருக்கின்றன. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி விடுத்த சுற்றறிக்கையின்படி, நிலுவைக் கடனுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடனாளியையோ ஜாமீன்தாரரையோகூட அழைக்கக் கூடாது. கடனாளியின் குடும்பத்தார், நண்பர்கள், விண்ணப்பத்தில் தெரிந்தவர்களாகக் குறிப்பிடப்பட்டவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடுவதும் அதே சுற்றறிக்கையில் தடுக்கப்பட்டிருக்கிறது.

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஜாமீன்தாரர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர். கடனாளி கட்டாவிட்டால் கட்டும் பொறுப்பு அவருக்கு உண்டு. பாக்கி விவரத்தை அவரிடம் சொல்லலாம். விண்ணப்பத்தில் ‘தெரிந்தவர் இருவர்’ என்ற கட்டத்தில் பெயர் எழுதப்பட்டவர் அப்படியல்லர். அவருக்குக் கடனில் எந்தப் பொறுப்பும் இல்லை, அவரிடம் பாக்கித் தொகையைச் சொல்வது கடனாளியின் இரகசியத்தை வெளியிடுவதாகும். அழைத்த எண், தேதி, நேரம், முகவர் சொன்ன சொற்கள் ஆகியவற்றைக் குறித்துவைத்து, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். முகவர் வெளி ஏஜென்சியைச் சேர்ந்தவர் என்று நிறுவனம் கைகழுவ முடியாது. அவர் செயலுக்கு நிறுவனமே பொறுப்பு. 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். விவரம் அறிய 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

கடனை அடைத்துவிட்டேன். என் விவரங்களை அழித்துவிடச் சொல்லலாமா? (சிறு வணிகர், விருதுநகர்)

சொல்லலாம், ஆனால் எல்லாவற்றையும் அழிக்க மாட்டார்கள், அழிக்கவும் முடியாது. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்கீழ், வாடிக்கையாளர் உறவு முடிந்த பிறகும் ஐந்து ஆண்டுகளுக்கு அடையாள ஆவணங்களைப் பத்திரப்படுத்த வேண்டும். அதே ஆவணங்களைக் காட்டிப் புதுக் கடன் விற்க உங்களை அழைத்துக்கொண்டே இருப்பதற்கு அந்தச் சட்டம் இடம் தரவில்லை. விளம்பரச் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுத்தில் தெரிவியுங்கள். சொத்துப் பத்திரம் அடமானம் வைத்திருந்தால், கடன் முழுதும் அடைந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரம் உங்கள் கைக்கு வர வேண்டும். நிறுவனத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு.

நான் விண்ணப்பிக்காத கடன் ஒன்று என் சிபில் அறிக்கையில் இருக்கிறது. (செவிலியர், சேலம்)

யார் என்ன கடன் வாங்கி எப்படிக் கட்டினார் என்ற பதிவை வைத்திருக்கும் கடன் தகவல் நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் வாங்கிப் பாருங்கள், ஏனெனில் ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இல்லாமல் இருக்கலாம். தவறான பதிவைத் திருத்தக் கோரி, கடன் தகவல் நிறுவனத்திற்கும் கடன் கொடுத்ததாகச் சொல்லும் நிறுவனத்திற்கும் ஒரே நாளில் புகார் செய்யுங்கள். 30 நாட்களில் தீர்க்காவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டும். கையெழுத்து, படம், பணம் சென்ற வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைக் காட்டும்படி கேட்பது முக்கியம். பணம் வேறொருவர் கணக்கிற்குச் சென்றிருந்தால் உங்கள் வழக்கு பாதி முடிந்தது. காவல் துறையின் சைபர் பிரிவிலும் பதிவு செய்யுங்கள்.

வங்கிக் கணக்கு விவரத்திற்காக நெட்பேங்கிங் கடவுச்சொல்லைக் கேட்கிறார்கள். (பெயர் தவிர்க்கப்பட்டது)

கொடுக்காதீர்கள். உங்கள் சம்மதத்துடன் கணக்கு விவரத்தை வங்கியிலிருந்து கடன் நிறுவனத்திற்குக் கொண்டுசேர்க்க, ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற கணக்குத் திரட்டி (அக்கவுண்ட் அக்ரிகேட்டர்) நிறுவனங்கள் இதற்காகவே உள்ளன. எந்தக் கணக்கு, எத்தனை மாத விவரம், எதற்காக, எவ்வளவு காலம் என்பதைப் பார்த்து நீங்கள் சம்மதம் தருவீர்கள். விவரம் பிறர் படிக்க முடியாத குறியீடாக மாற்றப்பட்டுச் செல்வதால் இடையிலுள்ள திரட்டி நிறுவனமே அதைப் படிக்க முடியாது. சம்மதத்தைப் பின்னர் விலக்கிக்கொள்ளவும் முடியும்.

எங்கள் சிறிய நிதி நிறுவனத்தில் பன்னிரண்டு கிளைகள். பாதுகாப்பிற்கென்று பெரிய தொகை ஒதுக்க இயலாது. எங்கிருந்து தொடங்குவது? (நிர்வாகி, தஞ்சாவூர்)

செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள். உங்கள் விண்ணப்பப் படிவத்தை மேசையில் வைத்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் எதிரே ‘இதை வைத்து நாம் என்ன முடிவெடுக்கிறோம்’ என்று எழுதிப் பாருங்கள். பதில் எழுத முடியாத கட்டங்களை அடுத்த அச்சில் நீக்கிவிடுங்கள். நம்மிடம் இல்லாத விவரம் நம்மிடமிருந்து கசியாது.

அடுத்ததாக, கணினி அமைப்பில் நுழைவு உரிமை உள்ளவர்களின் பட்டியலை எடுத்துச் சம்பளப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். நான் தணிக்கை செய்த இடங்களில் எல்லாம், விலகிச் சென்ற ஒருவருடைய பயனர் பெயராவது உயிரோடு இருந்தது. ஒரு கிளையில், மூன்று பேர் மாறிய பின்னும் காசாளரின் கடவுச்சொல் விசைப்பலகைக்கு அடியில் ஒட்டிய அதே சீட்டில் இருந்தது.

மூன்றாவதாக, வசூல் குழுவின் வாட்ஸ்அப். தினமும் காலையில் பெயர், முகவரி, கைபேசி எண், நிலுவைத் தொகை எல்லாம் கொண்ட எக்செல் கோப்பு முழுவதையும் நாற்பது பேருக்கு அனுப்பும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்தி, ஒவ்வொரு முகவருக்கும் அன்று அவர் போகவேண்டிய வீடுகளின் விவரம் மட்டும் கிடைக்கச் செய்யுங்கள். ‘நாம் கட்டிய தவணைத் தொகை வரை தெரிந்துவைத்துக்கொண்டு தள்ளுபடி தருவதாக ஒருவன் ஓடிபி கேட்கிறானே, எப்படி?’ என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் இத்தகைய கோப்புகளே அதற்கு வழி. அவருக்கு: ஓடிபியைச் சொல்லாதீர்கள், சொல்லிப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

சட்டப்படியும் காலம் குறுகி வருகிறது. ஊடுருவல், தரவுக் கசிவு போன்ற சைபர் நிகழ்வு தெரிந்த ஆறு மணி நேரத்தில், மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னிற்கு அறிவிக்க வேண்டும் என்ற விதி 2022 முதல் இருக்கிறது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்திற்குப் பின் நடைமுறைக்கு வரும். அதன்பின் விவரம் கசிந்தால் தரவுப் பாதுகாப்பு வாரியத்திற்கும் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும்; போதிய பாதுகாப்பு இல்லாததற்கான அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். கசிந்த அன்று யார் யாரை அழைப்பது என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, பன்னிரண்டு கிளை மேலாளர்களிடமும் இப்போதே கொடுத்துவையுங்கள்.