வேலியும் சோற்றுத் தூக்கும்

அன்புள்ள ஐயா,
பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் போராடிய மலாயா அவசரகாலம் (1948–60) பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பிரிட்டிஷ் ஜெனரல் பிரிக்ஸின் திட்டப்படி காட்டோர மக்களைப் புதுக்கிராமங்களில் வைத்து முள்வேலி போட்டதால்தானே அவர்கள் கொரில்லாக்களிடமிருந்து தப்பினார்கள்? இன்றைய அரசுகளும் அதைச் செய்தால் என்ன?
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இந்தியாவே 1967-இல் மிசோ மலைகளில் (இன்றைய மிசோரம்) கிளர்ச்சியை அடக்க ஊர்களைப் பெயர்த்து ஒன்றுசேர்த்தது. ஆனால் சமாதான ஒப்பந்தம் வந்தது 1986-இல்தான். உங்கள் கடைசிக் கேள்விக்கு இது போதும்.

கொரில்லாக்கள் தோட்டத் தொழிலாளர்களிடம் மிரட்டி அரிசி வாங்கினார்கள், மறுத்தவர்களைக் கொன்றார்கள். உண்மைதான். ஆனால் வேலி எதற்காக வந்தது? காட்டுக்குள் அரிசி போகக் கூடாது என்பதற்காக. சுமார் 5 லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, இடம்பெயர்த்தார்கள். தோட்டங்களில் நம் ஆட்களின் லயங்களையும் (வரிசை வீடுகளையும்) சேர்த்து வளைத்துக் கட்டினார்கள்.

என் அம்மாவின் பெரிய மாமா பேராக்கில் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), அப்புறம் கேட்டில் சோதனை. பையைத் தடவுவார்கள், தூக்குவாளியைத் திறந்து பார்ப்பார்கள். சோறு வெளியே போகக் கூடாது. அரசின் கணக்கில் அது 'உணவுத் தடை'. மதியம் வரை வெறும் வயிற்றில் மரம் சீவியவருக்கு அது என்ன? "கையில சோறு இருந்தா நான் பயங்கரவாதி, இல்லேன்னா பட்டினி" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சில இடங்களில் அரிசியைச் சமைத்துத்தான் கொடுத்தார்கள், பதுக்கினால் கெட்டுப்போகட்டும் என்று. கடையில் தகர டப்பா வாங்கினால் ஓட்டை போட்டுத்தான் தருவார்கள். இத்தனையையும் தாண்டி 'தப்பினார்கள்' என்று எப்படித்தான் எழுதுகிறீர்களோ! புத்தகத்தில் வரைபடத்தை மட்டும் பார்த்தீர்களா?

பிரிட்டிஷார் மக்களின் மனங்களை வென்றார்கள் என்ற பழைய பல்லவியை விடுங்கள். தஞ்சோங் மாலிம் ஊரைப் பாருங்கள். 1952 மார்ச்சில் அங்கே தண்ணீர்க் குழாயைப் பழுதுபார்க்கப் போனவர்களைக் கொரில்லாக்கள் மறைந்திருந்து தாக்கி 12 பேரைக் கொன்றார்கள். மலாயாவை ஆண்ட பிரிட்டிஷ் ஹை கமிஷனர் டெம்ப்ளர் நேரே வந்து ஊர்ப் பெரியவர்களைத் திட்டித் தீர்த்தார். நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு, அரிசிப் பங்கும் வெட்டு. சுட்டவன் காட்டில் இருந்தான், பங்கு குறைந்தது குழந்தைகளுக்கு.

பிறகு வீட்டுக்கு வீடு ஒரு படிவம்: தெரிந்த கம்யூனிஸ்ட் பெயரை எழுது, உன் பெயர் வேண்டாம். பூட்டிய பெட்டியில் சேகரித்துக் கொண்டுபோனார்கள். சிலர் கைதானார்கள், ஊரடங்கு தளர்ந்தது. எழுதினால் பக்கத்து வீட்டுக்காரர் சிறைக்குப் போவார், எழுதாவிட்டால் ஊரே பட்டினி.

நீங்கள் அங்கே குடியிருந்தால் அந்தத் தாளில் என்ன எழுதியிருப்பீர்கள், தம்பி? அதை எழுதி அனுப்புங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.