கொரோனா சோதனை நெகட்டிவ், ஆனாலும் மூச்சு வாங்குகிறது: என்ன பார்க்க வேண்டும்?

75 வயது அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, ஆர்டி-பிசிஆர் (கொரோனா சோதனை) நெகட்டிவ், காத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து காத்திருக்காதீர்கள். தொற்று இருந்தும் சோதனை நெகட்டிவ் காட்டுவதுண்டு. முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் சோர்வும் மனக்குழப்பமும் மட்டும் வரலாம்.

சரி, கொரோனாவே இல்லை என்றால்? படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் தணிகிறது, இரு கால்களும் வீங்கியிருக்கின்றன என்றால் இதயச் செயலிழப்பை (இதயம் போதுமான அளவு ரத்தத்தைப் பம்ப் செய்ய முடியாத நிலை) சந்தேகிக்க வேண்டும். திடீர்த் திணறலோடு ஒரு கால் மட்டும் வீங்கினால் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். கொரோனாவும் அதை உண்டாக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம், வெறும் மூச்சுத்திணறலாக. அதனால் ஈசிஜி கட்டாயம். அப்புறம் எக்ஸ்ரே, ரத்தசோகைக்கு ஹீமோகுளோபின். ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ, பேசும்போதே திணறினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.