மண்புழுக்கள் தொட்டியை விட்டு வெளியேறுவது ஏன்?

கேள்வி: பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் சாணமும் காய்கறிக் கழிவும் நிரப்பி மண்புழுக்களை விட்டேன். ஒரு வாரத்திற்குள் பாதிக்கு மேல் வெளியேறிச் செத்துவிட்டன, வாடையும் வீசுகிறது. உரம் கிடைத்தால் கத்தரி, மிளகாய் நாற்றுகளுக்கும் வீட்டினுள் உள்ள மணி பிளாண்டுக்கும் எவ்வளவு இடலாம்?

பதில்: தாங்கள் இட்டது அன்றன்று கிடைத்த பச்சைச் சாணமாகத்தான் இருக்க வேண்டும். பச்சைச் சாணமும் காய்கறிக் கழிவும் மட்கத் தொடங்கும்போது குவியலின் உள்ளே சூடு ஏறும். அத்துடன் மாடித் தளத்தின் வெக்கையும் சேர்ந்தால், 35 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டைப் பொறுக்க இயலாத புழுக்கள் வெளியேறுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே சாணத்தையும், நறுக்கிய வாழைச்சருகு, காய்கறித் தோல் ஆகியவற்றையும் கலந்து, நிழலில் இரண்டு வாரமாவது தனியே மட்க விடுங்கள். கையை உள்ளே விட்டுப் பார்த்துச் சூடு முற்றிலும் தணிந்த பிறகே புழுக்களை விட வேண்டும்.

வாடைக்குக் காரணம் மிகுந்த நீரும் காற்றோட்டக் குறைவும். தொட்டியின் அடியில் துளையிட்டு, தென்னை நார் பரப்பி, அதன்மேல் கலவையை நிரப்புங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளிக்கு மேல் நீர் சொட்டக் கூடாது. ஆனால் ஆனி, ஆடியில் நம் பக்கம் வீசும் மேல்காற்று மேற்பரப்பை விரைவில் உலர்த்திவிடும் என்பதால், அக்காலத்தில் ஈரச் சாக்கால் மூடி, காலையும் மாலையும் லேசாகத் தெளிக்க வேண்டியிருக்கும். தொட்டியை மாடியிலிருந்து இறக்கிக் கிணற்றடி நிழலிலோ மாட்டுத் தொழுவத்தின் ஓரத்திலோ வைப்பதே என் யோசனை. எலுமிச்சைத் தோல், ஊறுகாய், எண்ணெய்ப் பண்டங்கள் வேண்டாம். எறும்பு வராதிருக்கத் தொட்டியைச் செங்கற்களின்மேல் நிறுத்தி, அக்கற்களை நீருள்ள தட்டுகளில் வையுங்கள்.

ஏறத்தாழ இரண்டு மாதத்தில் மேற்பகுதி தேயிலைத் தூள் போல் உதிரும். நீர் தெளிப்பதைச் சில நாள் நிறுத்தினால் புழுக்கள் ஈரம் தேடிக் கீழே இறங்கும். மேலுள்ள உரத்தை வழித்துச் சலித்துக்கொள்ளலாம்.

நாற்றுகளைத் தனி மண்புழு உரத்தில் வளர்க்கக் கூடாது. அது ஈரத்தை மிகுதியாகப் பிடித்து வைப்பதால் இளந்தண்டு அழுகக்கூடும். உப்பு மிகுந்திருந்தால் வேரும் கருகும். ஒரு பங்கு உரம், ஒரு பங்கு மட்கிய தென்னை நார்க்கழிவு, இரண்டு பங்கு மணல் கலந்த செம்மண் போதும். மணி பிளாண்டுக்கு இரண்டு மாதத்திற்கு ஒருமுறை ஒரு கைப்பிடியை மேல்மண்ணில் கிளறிவிடுங்கள். தொட்டியின் அடியில் வடியும் கறுப்பு நீரை பயிர் ஊக்கியாகப் பயன்படும் மண்புழுக் குளியல் நீர் என்று எண்ணி நாற்றுகளின்மேல் தெளிக்க வேண்டாம். முழுதும் மட்காத கழிவின் சாறும் அதில் கலந்திருக்கும். அந்நீரை, இனி மட்க வைக்கப்போகும் குவியலில் ஊற்றிவிடுங்கள்.