உரிமைத்தொகை நின்றுவிடுமா? வேலைக்குப் போகும் வீடுகளின் கேள்வி பதில்

சுய உதவிக் குழுக்களைக் கவனிக்கும் அரசின் ‘மகளிர் திட்ட’த்தில் வட்டார அளவில் சில வருடங்கள் வேலை பார்த்தவள் நான். உதவித்தொகை, பயிற்சி, வேலை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

அக்கா, ஓசூரில் 15,000 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது. நான் போனால் மகளிர் உரிமைத்தொகை நின்றுவிடும் என்று அம்மா தடுக்கிறார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம். உங்கள் சம்பளம் வருடத்துக்கு 1,80,000. வீட்டின் மற்ற வருமானம் 70,000-க்குள் இருந்தால் வரம்பைத் தாண்டாது. தாண்டினாலும் 1,000 ரூபாய்க்காக 15,000-ஐ விடலாமா? ஆனால் அம்மாவைத் திட்டாதீர்கள். அந்த ஆயிரம் மாதாமாதம் தவறாமல் வருகிறது. கம்பெனி மூன்றே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். பி.எஃப். பிடிப்பார்களா, காண்ட்ராக்ட் எத்தனை மாதம் என்று கேட்டுக்கொண்டு வந்து அம்மாவிடம் சொல்லுங்கள்.

வேலைவாய்ப்பு அலுவலக உதவித்தொகை வாங்கினால் சீனியாரிட்டி போய்விடுமா மேடம்?

போகாது. தனியார் வேலையில் சேர்ந்தாலும் பதிவு ரத்தாகாது, உதவித்தொகை மட்டும் நிற்கும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள். தொகையோ பத்தாவது தேர்ச்சிக்கு மாதம் 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டத்துக்கு 600. அதுவும் பதிந்து ஐந்து வருடம் காத்திருந்த பிறகு, மூன்று வருடத்துக்கு மட்டும். இதை நம்பி வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

டி.டி.யு.ஜி.கே.ஒய். என்கிற, கிராமத்து இளைஞர்களுக்கான மத்திய அரசின் இலவச வேலைப் பயிற்சிக்கு என்ன தகுதி?

கிராமத்து ஏழைக் குடும்பம், வயது 15 முதல் 35. பெண்களுக்கு 45 வரை. அம்மா சுய உதவிக் குழுவில் இருந்தாலோ, வீட்டில் 35 கிலோ அரிசி வாங்கும் அந்தியோதயா அட்டை இருந்தாலோ அதுவே அத்தாட்சி. உதவி வாங்கும் வீட்டையே தேடி வேலைப் பயிற்சி வரவேண்டும் என்பதுதான் இதன் யோசனை, எனக்குப் பிடித்ததும் அதுதான்.

பயிற்சி முடித்துச் சென்னையில் சேர்ந்த என் தங்கை இருபதே நாளில் திரும்பிவிட்டாள். வேலை பிடித்துத்தான் இருந்தது.

காசு தீர்ந்திருக்கும். முதல் சம்பளம் கைக்கு வர நாற்பது நாள்கூட ஆகும். அதற்குள் விடுதி அட்வான்ஸ், சாப்பாடு, பஸ். நான் அனுப்பிய பிள்ளைகளிலும் திரும்பி வந்தவர்கள் பலர் இப்படித்தான் வந்தார்கள். அந்த இடைவெளியை யாரும் பார்ப்பதில்லை, பயிற்சி கொடுத்தவர் "வேலையில் சேர்த்தாயிற்று" என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார். மறுபடி அனுப்புவதாக இருந்தால் அம்மாவின் சுய உதவிக் குழுவில் முன்கூட்டியே உள்கடன் (குழுவின் சொந்தப் பணத்திலிருந்து உறுப்பினருக்குத் தரும் கடன்) கேட்டு வையுங்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதியில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கைக்குழந்தையோடு எப்படி அக்கா ஷிஃப்ட் வேலைக்குப் போவது?

அங்கன்வாடி இரண்டு வயதுக்கு மேல்தான், அதுவும் சாயங்காலத்துக்கு முன்பே மூடிவிடும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் இப்போதைக்கு ஷிஃப்ட் வேண்டாம். ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையத்தில் தையல் போல ஏதாவது இலவசமாகக் கற்றுக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கேட்க முடியாதா?

ஒரே ஜன்னல் என்று ஒன்று இல்லை. கிராமமென்றால் சுய உதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்கு முதலில் போங்கள். ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், வருமானச் சான்று, கல்விச் சான்று எல்லாவற்றிலும் இரண்டு நகல். பெயர் எழுத்து எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். அதற்காகவே திருப்பி அனுப்புவார்கள்.