உறைய வைத்த நான்கு கருக்களில் எது நல்லது என்று டெஸ்ட் செய்து தேர்ந்தெடுக்க முடியுமா?

கேள்வி இது: "எனக்கு 31 வயது. முதல் ஐவிஎஃப் டிரான்ஸ்ஃபர் பலிக்கவில்லை. இன்னும் நான்கு கருக்கள் உறைய வைத்திருக்கிறார்கள். பிஜிடி-ஏ டெஸ்ட் (கருவின் குரோமோசோம் சோதனை) அல்லது பயோமார்க்கர் (கருவின் நிலையைக் காட்டும் ரசாயன அடையாளம்) ஏதாவது பார்த்து நல்ல கருவை மட்டும் வைக்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?"

நான் டாக்டர் இல்லை. பன்னிரண்டு வருடமாகக் கோயம்புத்தூர்ப் பக்கம் எம்பிரியாலஜி லேபில் வேலை. முட்டையையும் விந்தணுவையும் சேர்த்து, கருவை ஐந்து நாள் வளர்த்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து மார்க் போடும் ஆள். அந்த நாற்காலியிலிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

உங்கள் ரிப்போர்ட்டில் 4ஏஏ, 3பிபி என்று எழுதியிருப்பார்கள். எண், கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதற்கு. முதல் எழுத்து குழந்தையாகப் போகும் செல்களுக்கு, இரண்டாவது நஞ்சுக்கொடியாகப் போகும் வெளிச்செல்களுக்கு. ஏ என்றால் நல்லது, சி என்றால் சுமார். எல்லாம் கண் மதிப்பீடுதான். ஒரே கருவுக்கு நான் பிபி போட்டு, பக்கத்தில் இருப்பவர் பிசி போட்டு, டீ ஆறும்வரை வாதாடியிருக்கிறோம். அழகான 4ஏஏ ஒட்டாமல் போனதை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. வேறு எதுவும் மிச்சமில்லை என்று அரை மனதோடு வைத்த ஒரு பிசி இப்போது எல்கேஜி போகிறான்.

கண்ணை நம்ப முடியவில்லை என்பதால்தான் பயோமார்க்கர் தேடும் ஆசையே வந்தது. கரு வளர்வது எண்ணெய்க்கு அடியில் இருக்கும் ஒரு சொட்டு ஊட்டத் திரவத்தில். கருவை எடுத்த பிறகு அந்தச் சொட்டு குப்பைக்குப் போகும். அதை எடுத்துச் சோதித்தால் என்ன? கரு என்ன தின்றது, என்ன கழித்தது என்று தெரியுமே. சாப்பிட்டுவிட்டுப் போன இலையைப் பார்த்து விருந்தாளியின் உடம்பைக் கணிக்கிற மாதிரி. கருவைத் தொடவே வேண்டாம் என்பதால் எங்களுக்கெல்லாம் இந்த யோசனை ரொம்பப் பிடிக்கும். அமினோ அமிலங்களை அளந்தார்கள், குளுக்கோஸை அளந்தார்கள், எச்எல்ஏ-ஜி என்ற புரதத்தைத் தேடினார்கள். யார்க் பல்கலைக்கழகத்தின் ஹென்றி லீஸ் 2002-ல் சொன்ன கருத்து எனக்கு இன்றும் பிடித்தது: அதிகம் அலட்டாமல், குறைவாகத் தின்று அமைதியாக இருக்கும் கருதான் பிழைக்கும் என்றார். அதிகம் தின்பது உள்ளே ஏதோ பழுது பார்ப்பதன் அறிகுறியாம்.

அப்புறம் அந்தச் சொட்டில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி மதிப்பெண் தரும் கருவி வந்தது. ஆரம்ப ஆய்வுகளில் பிரமாதம். பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கருவியை வைத்தும் மற்றதற்குக் கண்ணை மட்டும் வைத்தும் தேர்ந்தெடுத்துப் பார்த்தபோது, கர்ப்பம் கூடவில்லை. 2012 வாக்கில் கதை முடிந்தது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ அளவுக்கும் இதே கதிதான்: கூடுதலாக இருந்தால் கரு ஒட்டாது என்று 2015-ல் ஒரு ஆய்வு சொன்னது, பிறகு வேறு குழுக்கள் அளந்தபோது வித்தியாசம் தெரியவில்லை. இப்போது அதே சொட்டில் மிதக்கும் டிஎன்ஏவை எடுத்து குரோமோசோம் எண்ணுகிறார்கள். 2020-ல் 1,301 கருக்களில் செய்து பார்த்த ஆய்வில், கருவிலிருந்தே செல்களைக் கிள்ளிப் பார்க்கும் பயாப்ஸியின் முடிவோடு ஒத்துப்போனது சுமார் 78 சதவீதம். அந்த டிஎன்ஏ முட்டையைச் சுற்றியிருந்த அம்மாவின் செல்லிலிருந்தும் வந்திருக்கலாம், கரு கழித்துவிட்ட செத்த செல்லிலிருந்தும் வந்திருக்கலாம். உங்கள் கருக்களின் சொட்டு எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும், ஆகவே உங்களுக்கு அந்தப் பேச்சே இல்லை.

மிஞ்சுவது பிஜிடி-ஏ. ஐந்தாம் நாள் கருவின் வெளிச்செல்களில் ஐந்து முதல் பத்து வரை கிள்ளி எடுத்து குரோமோசோம் சரியா என்று பார்ப்பது. 2021-ல் வெளியான சீன ஆய்வு ஒன்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. 20 முதல் 37 வயது வரையிலான 1,212 பெண்கள், ஒவ்வொருவருக்கும் குறைந்தது மூன்று நல்ல கரு இருந்தது. ஏறக்குறைய நீங்கள்தான். டெஸ்ட் செய்த குழுவில் குழந்தை பெற்றவர்கள் 77.2 சதவீதம். செய்யாத குழுவில் 81.8. கருச்சிதைவு மட்டும் டெஸ்ட் குழுவில் குறைவு, 12.6-க்கு 8.7.

டெஸ்ட் செய்தும் ஏன் கூடவில்லை? நான்கில் இரண்டு கரு பிழைக்கக்கூடியவை என்று வையுங்கள். சோதித்தாலும் இரண்டுதான், சோதிக்காவிட்டாலும் இரண்டுதான். ரேஷன் கடை க்யூவில் ஆட்களை முன்பின் மாற்றி நிறுத்தினால் அரிசி மூட்டை கூடுமா? எது முதலில் என்பது மாறும், அவ்வளவுதான். சில சமயம் நல்லதையே 'சரியில்லை' என்று ஓரம் கட்டிவிடுவோம். கிள்ளி எடுப்பது நஞ்சுக்கொடிப் பக்கத்துச் செல்லை, உள்ளே குழந்தைச் செல்கள் வேறு மாதிரி இருக்கலாம். சரியும் சரியில்லாததும் கலந்த 'மொசைக்' கருக்களை முன்பெல்லாம் வைக்கவே மாட்டார்கள். 2015-ல் இத்தாலியில் அப்படி 18 கருக்களை வைத்துப் பார்த்தார்கள், ஆறு ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்தன. அதற்கு முன் தூக்கிப் போட்டவற்றை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைப் பிசையும்.

அதற்காக டெஸ்டே வீண் என்று சொல்ல மாட்டேன். நாற்பதை நெருங்கும் பெண்ணுக்குப் பாதிக்கு மேல் கருவில் குரோமோசோம் கோளாறு இருக்கும். அவருக்குக் காலம்தான் பெரிய விஷயம், இரண்டு வீண் டிரான்ஸ்ஃபரும் ஒரு கருச்சிதைவும் மிச்சமானால் லாபம்தான். திரும்பத் திரும்பக் கலைந்தவர்களும் டாக்டரிடம் பேசிப் பார்க்கலாம். குடும்பத்தில் தலசீமியா, எஸ்எம்ஏ (தசை நலியும் நோய்) மாதிரி தெரிந்த நோய் இருந்தால் செய்வது பிஜிடி-எம், அந்த ஒரு நோயின் மரபணுவை மட்டும் தேடும் வேறு டெஸ்ட். மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டிக்கொள்ளும் நம் ஊரில் அதன் மதிப்பு தனி. அந்த ஜோடிகளுக்கு நானே சிபாரிசு செய்வேன். ஆணா பெண்ணா என்று மட்டும் எங்களிடம் கேட்காதீர்கள், வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். சொன்னால் ஜெயில்.

உங்கள் இடத்தில் என் தங்கை இருந்தால், நான்கையும் ஒவ்வொன்றாக வைக்கச் சொல்லியிருப்பேன். இன்னொன்றையும் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கருக்கள் ஏற்கெனவே உறைந்துவிட்டன. இனி டெஸ்ட் செய்ய வேண்டுமானால் ஒவ்வொன்றையும் உருக்கி, விரியவிட்டு, கிள்ளி எடுத்து, மறுபடி உறைய வைத்து, ரிசல்ட் வந்ததும் மறுபடி உருக்க வேண்டும். எங்கள் கை எவ்வளவு பழகினதாக இருந்தாலும், இரண்டு தடவை உறைந்து உருகுவது கருவுக்குக் கூடுதல் சோதனைதான். அடுத்த தடவை போகும்போது, இதில் எத்தனை கரு தாக்குப்பிடிக்கிறது என்று அந்த லேப் கணக்கைக் கேளுங்கள். மொசைக் என்று வந்தால் வைப்பீர்களா மாட்டீர்களா என்பதையும் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.