கைதட்டல் யாருக்கு?

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். வாரக் கடைசியில், அந்த வாரம் கற்றதைப் பிள்ளைகளே வகுப்பின் முன்னால் வந்து சொல்ல வேண்டுமாம். ஒளிச்சேர்க்கை பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொடுத்து, மூன்று நாள் மனப்பாடம் செய்யவைத்து அனுப்பினேன். தங்குதடையில்லாமல் சொல்லி முடித்தான். ஒரு பிள்ளைகூடச் சந்தேகம் கேட்கவில்லை. ஆசிரியையோ 'சரி, உட்கார்' என்றதோடு சரி. கழித்தல் கணக்கைச் சொல்ல வந்து திக்கித் திணறிய சிறுமிக்குக் கைதட்டல்! இது நியாயமா? தான் நடத்த வேண்டிய பாடத்தைப் பொடிசுகளின் தலையில் கட்டுவது சோம்பேறித்தனம் அல்லவா? (நான் எழுதிக்கொடுத்த பக்கத்தின் நகலை இணைத்திருக்கிறேன்.)
– பெயர் வெளியிட விரும்பாத தந்தை

பதில்: நியாயம்தான். அன்று வகுப்பில் பேசியது நீங்கள். குரல் மட்டும்தான் மகனுடையது. இரண்டாம் வகுப்பில் இடம்பெறாத ஒருவருக்கு ஆசிரியை எதற்குக் கைதட்ட வேண்டும்?

திக்கித் திணறியதைப் பற்றிச் சொல்கிறேன். இதே போன்ற ஒரு வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு சிறுமி 52-லிருந்து 27-ஐக் கழித்துக் காட்ட வந்தாள். "இரண்டில் ஏழு போகாது. அதனால் பக்கத்தில் இருக்கிற ஐந்திடம் ஒன்று கடன் வாங்கினேன். இப்போது பன்னிரண்டு" என்றாள். முன்வரிசைப் பையன் ஒருவன் கையைக்கூடத் தூக்காமல் கேட்டான்: "இரண்டும் ஒன்றும் மூன்றுதானே? பன்னிரண்டு எங்கிருந்து வந்தது?"

அவள் கணக்கு நோட்டில் இந்த வகைக் கணக்குகள் பக்கம் பக்கமாகச் சரியாகவே இருந்தன. ஆனாலும் பதில் வரவில்லை. கரும்பலகையைப் பார்த்தாள், கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தாள். ஆசிரியை வாய் திறக்கவில்லை. (அந்த அரை நிமிடம் சும்மா நிற்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம் என்பேன். பாடம் நடத்திவிடுவது அதைவிடச் சுலபம்.) சிறுமி திடீரென்று அலமாரிக்கு ஓடினாள். பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்ட ஐந்து குச்சிக் கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் மேசையில் வைத்தாள். "நான் வாங்கியது ஒரு குச்சி இல்லை, ஒரு கட்டு" என்று சொல்லி ஒரு கட்டின் வளையத்தை உருவினாள். குச்சிகள் சிதறின. பையனே எழுந்து வந்து உதிரிகளை எண்ணினான். பன்னிரண்டு. பிறகு, "கடனை எப்போது திருப்பிக் கொடுப்பாய்?" என்று கேட்டான். அதற்கு ஆசிரியையிடமும் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. 'கடன்' என்று அதற்குப் பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

நோட்டில் சரியாகப் போட்ட கணக்கை அந்தச் சிறுமி புரிந்துகொண்டது அன்றைக்குத்தான். இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் கணக்குப் போட்டே காட்டிவிட்டார்: ஆசிரியர் சொல்வதை எவ்வளவு கருத்தாகக் கேட்டாலும் கால் பங்கு, உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரைப் பங்கு. உங்கள் மகனுக்கு வர வேண்டிய அந்த அரைப் பங்கை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

சோம்பேறித்தனம் என்கிறீர்கள். அந்தச் சந்தேகத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1789-இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களின் இல்லத்துக்குப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல். இங்கே திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து, அதைத் தன் பள்ளியிலும் கொண்டுவர நினைத்தார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் பொறுப்பைக் கொடுத்தார், வேலை நடந்துவிட்டது. 1797-இல் அவர் இதைப் புத்தகமாக வெளியிட்ட பிறகு, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் அங்கே இதே போன்ற ஏற்பாட்டை நடத்தினார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர், மற்றதைப் பெரிய பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள். செலவு குறைந்தது, அதனால் பெரிய மனிதர்களுக்குப் பிடித்துப்போனது. கற்றதை ஒப்பிக்கச் செய்ததே அதிகம். அதைச் சோம்பேறித்தனம் என்றால் நான் மறுக்க மாட்டேன், கஞ்சத்தனம் என்றும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் மகனின் ஆசிரியை வகுப்பைவிட்டு எங்கும் போகவில்லை. யார் எங்கே தடுக்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு அங்கேதான் நிற்கிறார். வகுப்பில் ஒப்பிக்கும் முறையை நுழைத்தவர் நீங்கள்தான்.

அடுத்த வாரம் எதுவும் எழுதிக்கொடுக்காதீர்கள். 'என்ன சொல்லப் போகிறாய்?' என்று மட்டும் கேளுங்கள். தப்பாகச் சொன்னால் உடனே திருத்தாதீர்கள். 'அது எப்படி?' என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். உங்களுக்கு அது கஷ்டமாக இருக்கும், தெரியும்.

நகலைப் படித்தேன். கையெழுத்து அருமை. ஆனால் நான்காவது வரியில், செடிகள் பகலில் உணவு தயாரிக்கும், இரவில் மட்டுமே சுவாசிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு. செடிகள் இரவும் பகலும் சுவாசிக்கின்றன. ஒரு பிள்ளைகூடச் சந்தேகம் கேட்கவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். இப்போது மகனிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு.