படபடப்பு நின்றுவிட்டது, இனியும் வார்ஃபரின் போட வேண்டுமா?

உங்கள் அம்மாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று சொல்லி பிசோப்ரோலோலும் வார்ஃபரினும் கொடுத்திருக்கிறார்கள். இப்போது நெஞ்சு படபடப்பு இல்லை, ஒன்றை நிறுத்தினால் என்ன என்று கேட்கிறீர்கள்.

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், வார்ஃபரினைத் தொடவே வேண்டாம். நான் டொக்டர் இல்லை. தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் அம்மாவுக்கும் இதே இரண்டு மாத்திரைதான். மருந்து எழுதும் கொப்பியோடு கிளினிக்குக்குக் கூட்டிப்போவது நான்.

இந்த நோயில் இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும். அங்கிருந்து தாறுமாறாக வரும் மின் சைகைகள் அளவுக்கு மீறிக் கீழறைக்கு இறங்கினால்தான் படபடப்பு. பிசோப்ரோலோல் நடுவில் நின்று பலவற்றை மறித்துவிடுகிறது, அதனால் நாடி நிதானமாகிறது. ஆனால் மேலறையின் நடுக்கம் அப்படியேதான் இருக்கலாம். நடுங்கும் அறையில், முக்கியமாக இடது பக்கம் பை மாதிரி இருக்கும் ஒரு மூலையில், இரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி நகர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். வார்ஃபரின் இதற்குத்தான். படபடப்பு நின்றாலும் ஆபத்து அங்கேயே இருக்கிறது.

ஈரல் வைட்டமின் கே-யை வைத்து இரத்தத்தை உறைய வைக்கும் சில புரதங்களைச் செய்கிறது. ஒரு முறை பயன்பட்ட அந்த வைட்டமினை உடம்பு மறுபடி பயன்படுத்த விடாமல் வார்ஃபரின் தடுக்கிறது. ஏற்கெனவே இரத்தத்தில் உள்ள புரதம் தீர வேண்டுமே, அதனால் முழுப் பலன் தெரியச் சில நாள் ஆகும். இருக்கிற கட்டியை இது கரைக்காது, வளரவிடாது, அவ்வளவுதான். ஐஎன்ஆர் என்று இரத்தம் எடுத்துப் பார்ப்பது, இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைத்தான். மருந்து போடாதவருக்கு 1 அளவில் இருக்கும், இந்த நோய்க்கு வழக்கமாக 2க்கும் 3க்கும் இடையில் வைக்கிறார்கள். செயற்கை வால்வு வைத்தவர்களுக்குக் கணக்கு வேறு.

கீரையில் வைட்டமின் கே அதிகம், அதனால் சாப்பிடவே கூடாது என்று லயத்தில் எல்லோரும் சொல்வார்கள். அப்படியில்லை. வல்லாரைச் சம்பலோ பொன்னாங்காணியோ வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடட்டும். ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு, மறு வாரம் அறவே விட்டால்தான் ஐஎன்ஆர் ஆட்டம் காட்டும். முழங்கால் வலி என்று கடையில் டிக்ளோபெனாக் வாங்கிப் போடுவதுதான் உண்மையில் பயப்பட வேண்டிய விஷயம், வயிற்றுக்குள் இரத்தம் கசியலாம். எந்த மாத்திரை வாங்கினாலும் வார்ஃபரின் போடுவதைச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

அப்புறம் அட்டை. மழை நாளில் கொழுந்து மலைப் பக்கம் போய்வந்த என் அம்மாவின் கணுக்காலில் அட்டை கடித்த இடம், துணியை வைத்து அழுத்தியும் வெகுநேரம் கசிந்தது, பாதமெல்லாம் சிவப்பு. அட்டையின் எச்சிலிலேயே இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருக்கிறது. அது இரத்தத்தை உறைய வைக்கும் த்ரோம்பின் என்ற புரதத்தை நேரடியாக மறிக்கிறது, வார்ஃபரின் மாதிரி வேலைக்கு அதற்குப் பின்னால் வந்த டபிகாட்ரான் கெப்சூலும் அதே இடத்தில்தான் கை வைக்கிறது. அம்மாவுக்கு மேலே வார்ஃபரினும் சேர்ந்துகொண்டது! விடாமல் அழுத்திப் பிடித்தால் நிற்கும், பதற வேண்டியதில்லை.

பதற வேண்டியது வேறு இடத்தில். கறுப்பாக மலம் போனாலோ, படியில் வழுக்கித் தலை அடிபட்டாலோ, வெளியே காயம் இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கொப்பியையும் எடுத்துக்கொண்டு.